டொக்டர் பழக்கினால் போதுமா?

போதாது. ஹட்டன் தனியார் தாதியர் வகுப்பில் கனுலா (இரத்த நாளத்தில் ஏற்றும் சின்னக் குழாய்), கத்தீற்றர் (சிறுநீர் எடுக்கும் குழாய்) எல்லாம் ஒரு டொக்டரே பழக்குகிறார், அது சரியா என்று கேட்டிருந்தீர்கள். ஊசி எங்கே ஏற வேண்டும் என்று அவர் நன்றாகவே காட்டுவார். ஆனால் தாதியின் வேலையை முழுதாகப் பழக்க, பதிவு பெற்று, அண்மைக்காலம் வரை வாட்டில் நின்று, கற்பிக்கவும் பயின்ற ஒரு தாதி வேண்டும்.

நுவரெலியாக் குளிரில் காலையில் ஊசி ஏற்றும் இரத்த நாளம் எழும்பாது. வெதுவெதுப்பான துணியால் கையைச் சுற்றி, கீழே தொங்கவிட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னவர் எங்கள் டியூட்டர், அதாவது எங்களுக்குப் பழக்கிய தாதிதான். அப்புறம் அந்த இடம் வீங்குகிறதா, சிவக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கவும் அவரிடமே பழகினோம்.

கண்டி, பதுளை தாதியர் கல்லூரிகளை விட்டு ஹட்டன் வரை வர டியூட்டர் கிடைக்காததுதான் அங்கே டொக்டரை வைத்துப் பழக்குவதற்குக் காரணமாக இருக்கும்.

நாளைக்கே கேளுங்கள்: நோயாளியின் பக்கத்தில் நின்று பார்த்து என் செய்முறைக் கொப்பியில் கையெழுத்து வைக்கும் தாதி யார்? இலங்கை தாதியர் சபையில் அவருடைய பதிவு இலக்கம் என்ன? மழுப்பினால் மிச்சக் காசைக் கட்டாதீர்கள்.

ஒன்று, நல்ல டியூட்டர் கிடைத்தாலும் வகுப்புச் சான்றிதழ் மட்டும் உங்களைப் பதிவு பெற்ற தாதியாக்காது. அந்தப் பாடநெறியைப் பதிவுக்கு ஏற்பார்களா என்று தாதியர் சபையிடமே எழுதிக் கேளுங்கள்.