ராக்கெட்டும் ஈயச்சொம்பும்

அன்புள்ள ஐயா,

ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ என்ற நீராவி ரயில் எஞ்சினைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், நிஜமாகவே ஓடும்படி செய்ய ஆசை. காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைக் குழாய் ஒன்று கிடைத்தது. அதைப் பாய்லராக்கி ஈயப்பற்று வைத்தால் போதுமா? அசலைப் போல 25 புகைக்குழாய்களும் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பித்தளைக் குழாயைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். வாங்க மறுத்தால் புகைபோக்கிக்கு வைத்துக்கொள்ளலாம். பாய்லரில் பித்தளை கூடாது. கொதிநீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து, நாளாக ஆக உலோகம் பலமிழந்துவிடும். செம்புதான் சரி.

ஈயப்பற்று? என் அப்பத்தா ஈயச்சொம்பில்தான் ரசம் வைப்பாள். ஒருநாள் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வளவுப் பக்கம் போய்விட்டாள். வந்து பார்த்தால் சொம்பைக் காணோம். சாம்பலுக்குள் வெள்ளியாய் ஒரு கட்டி கிடந்தது. உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது, பாய்லரும் அப்படித்தான். ராக்கெட்டின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு. அதில் நீரின் சூடு 148 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். சாதாரண ஈயப்பற்று 183-லேயே இளக ஆரம்பிக்கும். நீர்மட்டம் கொஞ்சம் இறங்கித் தகடு காய்ந்தால் கதை முடிந்தது. சில்வர் பிரேசிங், அதாவது அதிகச் சூட்டில் இளகும் வெள்ளி கலந்த பற்று, செய்யுங்கள்.

அப்புறம், அடுப்பின் சூட்டைப் பாய்லர் தண்ணீருக்கு நடுவே கொண்டுபோகும் அந்த 25 புகைக்குழாய்கள். லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் கம்பெனியின் செயலாளர் ஹென்றி பூத் சொன்ன யோசனை அது. 1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் ராக்கெட் ஜெயித்ததற்குப் பெரிய காரணமும் அதுதான். அசலில் ஒவ்வொன்றின் விட்டமும் 3 அங்குலம். உங்கள் அளவில் கால் அங்குலம் ஆகிவிடும். எஞ்சினைச் சுருக்கலாம், கரித்தூளைச் சுருக்க முடியாதே! சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டுங்கள்.

‘அசலைப் போல இல்லையே’ என்று வருந்த வேண்டாம். இங்கிலாந்தில் இருக்கும் அசல் ராக்கெட்டே இன்று 1829-இல் இருந்தபடி இல்லை. சாய்வாக நின்ற சிலிண்டர்களைப் பிற்பாடு கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில் இறக்கிவிட்டார்கள். 1979-இல் செய்த ஓடும் பிரதிக்கும், பாலத்தில் இடிக்காமலிருக்கப் புகைபோக்கியைக் குட்டையாக்க வேண்டியிருந்தது.

பாய்லர் முடிந்ததும் தீ மூட்டிவிடாதீர்கள். காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கு ஏற்றிப் பாருங்கள். அனுபவமுள்ள பாய்லர்காரர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் அழுத்தத்தில் பெரிதாகச் சுருங்காது. அதனால் பற்று விட்டால் ஒழுகும், அவ்வளவுதான். நீராவி என்றால் பட்டறையே இருக்காது.

சோதனை முடிந்ததும் எழுதுங்கள், சக்கரத்தைப் பற்றிப் பேசுவோம். அசலில் அது மரச்சக்கரம். நம் ஊரில் பழைய பர்மாத் தேக்குக்கா பஞ்சம்?