கல்லாவில் நின்றதை ஏன் மறைக்கிறீர்கள்? சொலிசிட்டர் விண்ணப்பம் பற்றிய கேள்விகள்

நான் லண்டனில் வணிகச் சொத்து வேலை பார்க்கும் சொலிசிட்டர், அதாவது கிளையன்ட்டுக்குச் சட்ட ஆலோசனையும் ஆவண வேலையும் செய்யும் வழக்கறிஞர். ட்ரெய்னிங் கான்ட்ராக்ட், அதாவது சொலிசிட்டர் ஆகும் முன் ஒரு நிறுவனத்தில் செய்யும் பயிற்சி, கிடைக்க எனக்கு மூன்று விண்ணப்ப சீசன் ஆனது. இப்போது எங்கள் ஆபிஸில் வேகேஷன் ஸ்கீமுக்கு (மாணவர்கள் விடுமுறையில் வந்து வேலை பார்த்துப் பழகும் திட்டம்) வரும் விண்ணப்பங்களைப் படித்து மார்க் போடுபவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்கிறேன். எல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கு. ஸ்காட்லாந்தின் வழி வேறு.

அக்கா, சட்டம் இரண்டாம் ஆண்டு. இதுவரை 31 நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றுகூட இன்டர்வியூ வரை போகவில்லை. எங்கே தப்பு?

அந்த 31தான் தப்பு, தம்பி. மூன்று மாதத்தில் 31 நிறுவனங்களை யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. படிக்கிற எங்களுக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். 'ஏன் எங்கள் நிறுவனம்?' என்ற கேள்விக்கு எழுதியதை எடுங்கள். பெயரை அழித்துவிட்டு எதிர்க்கட்டிடத்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அந்தப் பத்தி குப்பைக்கு. 'உலகெங்கும் கிளைகள், முன்னணி வாடிக்கையாளர்கள், தரமான பயிற்சி' என்று படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது.

நான் உங்களைவிட மோசம். என் முதல் சீசனில் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்தின் கடைசி வரியில் அவர்களுடைய போட்டியாளரின் பெயர் இருந்தது. மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. பதிலே வரவில்லை, நியாயம்தான்.

எட்டு போடுங்கள், மிஞ்சினால் பத்து. பெரிய நிறுவனங்கள் செப்டம்பர், அக்டோபரில் திறப்பார்கள். கோடை ஸ்கீம்களில் பல டிசம்பர், ஜனவரியில் மூடும். சில இடங்களில் விண்ணப்பம் வர வரப் பார்த்து இடத்தைக் கொடுத்துக்கொண்டே போவார்கள். அங்கே கடைசித் தேதிக்குப் போடுவது பந்தி முடிந்து இலை எடுக்கும்போது போய் உட்காருவது மாதிரி.

இன்னொன்று, உங்கள் எழுத்தை மனிதர் யாரும் படிக்காமலே வெளியே போயிருக்கலாம். பல நிறுவனங்கள் முதலில் வாட்சன் கிளேசர் என்ற தர்க்கச் சிந்தனைத் தேர்வை வைக்கின்றன. 40 கேள்வி, 30 நிமிடம். அதில் ஒரு பகுதியில், கொடுத்த வாக்கியங்களிலிருந்து இந்த முடிவு கட்டாயம் வருமா என்று மட்டும்தான் கேட்பார்கள். நிஜ உலகத்தில் அது உண்மையா என்பது அங்கே கேள்வியே இல்லை. நமக்குத் தெரிந்ததை உள்ளே கொண்டுவந்து பலரும் அங்கேதான் விழுகிறார்கள். இலவச மாதிரித் தேர்வுகள் நிறைய உண்டு, நேரம் வைத்துப் பழகுங்கள்.

அப்பாவுக்குக் கடை. ஆபிஸ் அனுபவம் எதுவும் இல்லை. சனி, ஞாயிறு கல்லாவில் நிற்பதைப் போடலாமா? மற்றவர்கள் எல்லாம் பேங்க், எம்.பி. ஆபிஸ் என்று போடுகிறார்கள்.

போடுங்கள். முதலில் போடுங்கள். 'கமர்ஷியல் அவேர்னஸ்', அதாவது வியாபாரம் எப்படி ஓடுகிறது என்ற புரிதல், என்று எல்லோரும் பயமுறுத்துகிற பூதம் உங்கள் வீட்டுக் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 'கடையில் வேலை செய்து வாடிக்கையாளர்களுடன் பழகும் திறனை வளர்த்துக்கொண்டேன்' என்று எழுதினால் அது செத்த வரி.

2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை (மின்சிகரெட்) விற்க முடியாது என்று ஆனதே, அதற்கு முந்தைய மாதங்களில் உங்கள் கடையில் என்ன நடந்தது? எத்தனை பெட்டி தேங்கியது? ஆர்டரை எப்போது நிறுத்தினீர்கள்? மொத்த வியாபாரி திருப்பி எடுத்தாரா? சட்டம் மாறினால் பணம் எங்கே மாட்டும் என்பதுதான் வணிகச் சட்டத்தில் பாதி வேலை. பன்னிரண்டு வயதுப் பையன் போல முகம் உள்ளவரிடம் ஐ.டி. கேட்டுத் திட்டு வாங்கியிருப்பீர்கள், இல்லையா? அது மதுபான லைசன்ஸ் காப்பாற்றும் வேலை. அப்படியே எழுதுங்கள்.

எனக்கு இது மூன்றாவது சீசனில்தான் உறைத்தது. எனக்குப் பதினாறு வயதில் எங்கள் அப்பா கடைக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே தடித்த எழுத்தில், வணிகக் குத்தகையை முடிவுக்குக் கொண்டுவரும் நோட்டீஸ். அப்பா கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று சாப்பிடாமல் இருந்தார். கல்லாவில் வைத்து நான் அதை இரண்டு முறை படித்தேன். தலைப்பின் மிச்சம், புதிய குத்தகைக்கான முன்மொழிவுகளுடன். அதாவது பழையதை முடித்து, புது வாடகையில் புதிதாகப் போடலாம் என்கிறார்கள். 1954-ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம், பிரிவு 25. அன்றைக்கு எனக்குப் பிரிவு எண்ணெல்லாம் தெரியாது. தலைப்பைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

முதல் இரண்டு சீசனிலும் இதை எழுத வெட்கப்பட்டு, பல்கலைக்கழக விவாதக் குழுவைப் பற்றி எழுதினேன். மூன்றாவதில் இதை எழுதினேன். இன்டர்வியூவில் பார்ட்னர் கேட்ட முதல் கேள்வியே 'வாடகை எவ்வளவு ஏற்றினார்கள்?' என்பதுதான். இன்றைக்கு அந்த நோட்டீஸ்களை நானே தயாரிக்கிறேன், அது வேறு கதை.

அப்பாவிடம் கேட்டு லீஸை எடுத்துப் படியுங்கள். வாடகை மறுபரிசீலனையில் ஏற மட்டும் முடியும், இறங்காது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்ட ஷரத்தைத் தடைசெய்யும் மசோதாவை அரசாங்கம் 2025 ஜூலையில் கொண்டுவந்தது. அதைப் பற்றி உங்களுக்கும் அப்பாவுக்கும் ஒரே கருத்தா? இன்டர்வியூவில் பேச இது போதும்.

கோடையில் இரண்டு வார வேகேஷன் ஸ்கீம் கிடைத்திருக்கிறது. உள்ளே எப்படி நடந்துகொள்வது?

வாழ்த்துகள். வேலை கொடுக்கும்போது மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாருக்காக, எந்த வடிவில், எப்போதைக்கு. நான் கேட்கவில்லை. குத்தகையைக் கைமாற்றுவது பற்றி ஒரு சின்னக் கேள்வியை ஆராயச் சொன்னார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து ஆறு பக்கம், அடிக்குறிப்புகளோடு. அந்த அசோசியேட் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, 'கிளையன்ட்டுக்கு மெயிலில் போட நாலு வரி வேண்டியிருந்தது' என்றார். பதில் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. பதிலை முதல் வரியில் வையுங்கள். காரணம் கீழே வரட்டும்.

ரயிலில் கிளையன்ட் பெயர் பேசாதீர்கள், வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். ரிசப்ஷனில் இருப்பவரிடமும் செக்ரட்டரியிடமும் எப்படிப் பேசினீர்கள் என்பது எங்கள் காதுக்கு வரும். மாலை விருந்தில் ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் யாரும் கணக்கெடுப்பதில்லை. மற்ற மாணவர்களை மட்டம் தட்டாதீர்கள், குழுப் பயிற்சியில் அதுதான் முதலில் தெரியும். பல இடங்களில் கடைசி நாட்களில் ட்ரெய்னிங் கான்ட்ராக்டுக்கான இன்டர்வியூவும் இருக்கும். செய்த வேலையைத் தினமும் மாலை பத்து வரி குறித்துவைத்தால் அன்றைக்குக் கை கொடுக்கும்.

லண்டன் ஹாரோ பக்கம் ஒரு சின்ன ஆபிஸில் பாராலீகலாக (சட்ட உதவியாளர்) இருக்கிறேன். சொலிசிட்டர் ஆகக் காட்ட வேண்டிய தகுதி அனுபவத்தில் இது சேருமா? முதலாளி கையெழுத்துப் போடுவாரா என்று பயமாக இருக்கிறது.

சேரும். எஸ்.கியூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு முறை 2021 செப்டம்பரில் வந்த பிறகு, முழுநேரக் கணக்கில் இரண்டு வருட அனுபவம் போதும். அதிகபட்சம் நான்கு இடங்களில் சேர்க்கலாம். பாராலீகல், சட்ட உதவி மையம், பல்கலைக்கழக லா கிளினிக், வேகேஷன் ஸ்கீம் எல்லாம் கணக்கு. பதவியின் பெயரை யாரும் பார்ப்பதில்லை, சட்டச் சேவை வேலையா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள் கெட்டிக்காரர் என்று சான்று தர வேண்டியதில்லை. எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள், திறமைகளை வளர்க்க வாய்ப்பு இருந்ததா, உங்கள் நேர்மை பற்றிச் சந்தேகம் எழுந்ததா, இவ்வளவுதான். அங்கே சொலிசிட்டர் இல்லாவிட்டால், உங்கள் வேலையை நேரடியாக அறிந்த வெளி சொலிசிட்டர்கூட உறுதிப்படுத்தலாம். வாராவாரம் ஒரு டயரி எழுதுங்கள், கிளையன்ட் பெயர் இல்லாமல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலாளியிடம் காட்டுங்கள். வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் சங்கடம். கையெழுத்துக்குப் பணம் கேட்டாலோ, சம்பளம் இல்லாமல் வருடக்கணக்கில் உழைக்கச் சொன்னாலோ வெளியே வந்துவிடுங்கள். நம்ம ஆள் என்பதற்காகப் பொறுத்துப் போக வேண்டாம்.

காசைப் பற்றியும் யோசியுங்கள். எஸ்.கியூ.இ. இரண்டு கட்டத்துக்கும் சேர்த்துத் தேர்வுக் கட்டணமே ஐயாயிரம் பவுண்டை ஒட்டி வருகிறது. வகுப்புச் செலவு தனி. பெரிய நிறுவனத்தின் ட்ரெய்னிங் கான்ட்ராக்ட் என்றால் அவர்களே கட்டுவார்கள். சின்ன ஆபிஸில் பாதியாவது தருவார்களா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

மேடம், சென்னையில் மூன்று வருடம் அட்வகேட்டாக பிராக்டிஸ் செய்தேன். லண்டனில் எல்.எல்.எம். படிக்க வருகிறேன். அது முடிந்தால் சொலிசிட்டர் ஆகிவிடலாமா?

எல்.எல்.எம். மட்டும் உங்களைச் சொலிசிட்டர் ஆக்காது சார். ஏஜென்ட் அப்படிச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். அட்வகேட்டாகப் பதிவு செய்தவர் என்பதால் அந்த இரண்டு வருட அனுபவம் உங்களுக்குத் தேவையில்லை. எஸ்.கியூ.இ. முதல் கட்டம், 360 கேள்விகள், பெரும்பாலும் எழுதியே ஆக வேண்டியிருக்கும். இரண்டாம் கட்டத்துக்கு உங்கள் அனுபவத்தைக் காட்டி விலக்கு கேட்கலாம். முதல் கட்டத்தை வெளிநாட்டு மையங்களிலும் எழுதலாம் என்பதால், கடன் வாங்கி விமானம் ஏறும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மாணவர் விசாவில் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்கு ஆய்வேடு எழுதும் கோடை மாதங்கள் பெரும்பாலும் விடுமுறையாகக் கணக்கில் வராது. ஆக, கோடை ஸ்கீம் கிடைத்தும் முழுநேரம் போக முடியாமல் போகலாம். சேரும் முன் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏ-லெவல் பள்ளி இறுதித் தேர்வில் பி, பி, சி. கதவு மூடிவிட்டதா அக்கா?

சில இடங்களில் மூடியிருக்கும், எல்லா இடத்திலும் இல்லை. பல நிறுவனங்கள் மதிப்பெண்ணை உங்கள் பள்ளியின் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அதற்காகத்தான் படிவத்தில் இலவச மதிய உணவு வாங்கினீர்களா, அகதியாக வந்த குடும்பமா, வீட்டில் யாரையாவது பராமரித்தீர்களா என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் வெட்கப்பட்டு அதை வெற்றாக விடுகிறார்கள். நிரப்புங்கள், அது பிச்சை இல்லை. ஆனால் மதிப்பெண்ணை மாற்றிப் போடாதீர்கள். சான்றிதழ் கேட்பார்கள். அந்தப் பொய் பின்னாளில் சொலிசிட்டராகச் சேரும்போதும் நேர்மைப் பரிசோதனையில் வந்து நிற்கும்.

ஏ.ஐ. வைத்து எழுதலாமா?

எழுத்துப் பிழை பார்க்கலாம். உங்கள் அப்பாவின் லீஸ் அதற்குத் தெரியாது. விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், படித்துவிட்டுத் தொடுங்கள்.

தங்கச்சி, என் மகனுக்குப் பதினெட்டு வயது. பல்கலைக்கழகம் வேண்டாம், சொலிசிட்டர் அப்ரண்டிஸ் ஆகப் போகிறேன் என்கிறான். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று இருக்கிறது.

அக்கா, முதலில் அவனைத் திட்டாதீர்கள். இது தச்சு வேலை அப்ரண்டிஸ் இல்லை. ஆறு வருடம் வேலையும் படிப்பும் சேர்ந்தே போகும். பெரும்பாலும் சட்டப் பட்டமும் கிடைக்கும். எஸ்.கியூ.இ. எழுதி, மற்றவர்களைப் போலவே முழு சொலிசிட்டராக வெளியே வருவான். சம்பளம் வாங்கிக்கொண்டு, படிப்புக் கடன் இல்லாமல். 2026 ஜனவரியிலிருந்து, சேரும்போது 21 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் இதற்கு அரசு நிதி, ஒரு சில விதிவிலக்குகளோடு. ஆகவே தள்ளிப்போட வேண்டாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை என்பதால் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் கூடவே போட்டுவைக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் 'லா ஃபர்மில் வேலை' என்று சொல்லுங்கள். பொய் இல்லையே.