அறிவுரையும் பரிந்துரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றில், மின்னணுவியல் துறையில் பதினான்கு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். என் வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். மதிப்பெண் வரிசையில் முதல் பத்து இடங்களை எடுத்துக்கொண்டால் ஆறோ ஏழோ பெண்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் படிப்பை முடித்த ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் விசாரித்தால், படித்த துறையில் பணிபுரிகிறவர்கள் அவர்களில் மிகச் சிலரே. சிலர் தொடர்பில்லாத வேலைகளில் இருக்கிறார்கள், சிலர் சேர்ந்து விலகிவிட்டார்கள், சிலர் சேரவே இல்லை. ஆண்டுதோறும் சாதனை படைத்த பெண்களை அழைத்து உரையாற்றச் செய்கிறோம். மாணவிகளும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். நிலைமை மட்டும் மாறவில்லை. சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி, "ஆர்வமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது மேடம், யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை" என்றாள். அதிலிருந்து மனம் ஆறவில்லை. பெண்களுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்பது என் சக ஆசிரியர்களின் கருத்து. நீங்கள் எழுத்துக்கு வருமுன் பொறியாளராக இருந்தவர், பணிக்கு ஆளெடுக்கும் குழுக்களிலும் அமர்ந்தவர் என்பதால் கேட்கிறேன். நாங்கள் எதைச் செய்யத் தவறுகிறோம்?

ஒரு வாசகி

அன்புள்ள பேராசிரியைக்கு,

உங்கள் மாணவி சொன்ன அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆர்வம் இருக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்கிறார். இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொண்டால் பிழை அவருடையதாகிவிடும். நாம் செய்ய வேண்டியதும் இன்னொரு ஊக்க உரையோடு முடிந்துவிடும். நான்கு ஆண்டுகள் தேர்வுக்குத் தேர்வு முன்னணியில் நின்ற ஒருவருக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உலக அளவில் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பட்டம் பெறுவோரில் பெண்கள் சுமார் 35 விழுக்காடு என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. உங்கள் வகுப்பில் அது பாதியைத் தொடுகிறது என்றால், மற்ற இடங்களில் தடுமாறவைக்கும் முதல் படியை உங்கள் மாணவிகள் எப்போதோ தாண்டிவிட்டார்கள் என்று பொருள். அறுந்துபோவது படிப்புக்கும் வேலைக்கும் இடையிலுள்ள கண்ணிதான்.

நேர்காணல் குழுவில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரே கல்லூரியில், ஒரே புராஜெக்ட்டில் சேர்ந்து உழைத்த இருவரின் தன்விவரக் குறிப்புகள் அடுத்தடுத்து என் மேசைக்கு வந்தன. மாணவர், "மோட்டார் கட்டுப்பாட்டுச் சுற்றை வடிவமைத்தேன், சோதித்தேன்" என்று எழுதியிருந்தார். மாணவி, "மோட்டார் கட்டுப்பாட்டுப் புராஜெக்ட்டில் பங்கேற்றேன், ஆவணப்படுத்துவதில் உதவினேன்" என்று எழுதியிருந்தார். சுற்று வரைபடத்தை விரித்து, மைக்ரோகண்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுச் சில்லை ஒட்டி, மின்னைச் சேமித்துவைக்கும் இந்தப் பெரிய கெப்பாசிட்டர் எதற்காக என்று இருவரையும் தனித்தனியே கேட்டேன். மாணவர் தயங்கினார். அந்தப் பெண் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் மின்னழுத்தம் கணநேரம் சரிந்து மைக்ரோகண்ட்ரோலர் தானாக மறுபடி தொடங்கிக்கொண்டிருந்ததையும், மென்பொருளில்தான் பிழை என்று குழுவினர் தேடிக்கொண்டிருந்தபோது இரண்டு இரவுகள், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைந்துகாட்டும் ஆசிலோஸ்கோப்பின் முன் உட்கார்ந்து அந்தச் சரிவைத் தாம் கண்டுபிடித்ததையும், மின் இணைப்புக்கு அருகிலேயே அந்தக் கெப்பாசிட்டரைப் பொருத்தியதும் கோளாறு நின்றதையும் விரலால் வரைபடத்தைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். "இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "எல்லோரும் சேர்ந்துதானே சார் செய்தோம்" என்றார்.

அன்று நான் அந்தக் கேள்வியைக் கேட்டது தற்செயல். வரைபடம் கையில் இருந்ததால் கேட்டேன். பெரும்பாலான குறிப்புகள் ஒரு நிமிடம்கூடப் படிக்கப்படுவதில்லை என்பதும், படிக்கிறவருக்கு அந்த இரண்டு இரவுகளைப் பற்றி எதுவும் தெரியாது என்பதும் அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தராத செய்திகள். "செய்தோம்" என்பது வகுப்பறையில் பண்பு. தன்விவரக் குறிப்பில் அது உண்மையையே மறைத்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் ஆய்வக மேசைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. நான்கு பேர் கொண்ட குழுவில் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக ரெக்கார்டு நோட்டு மாணவியிடம் போகிறது. சால்டரிங் கருவியும் அளவிடும் கருவிகளும் மாணவர்களின் பக்கம் போகின்றன. யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் ஆறு பருவங்கள் கழிந்தபின் ஒருவரின் கைக்குக் கருவி பழகியிருக்கும், மற்றவரின் கைக்கு நோட்டுதான் பழகியிருக்கும். மதிப்பெண் பட்டியலில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. எனவே உங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு வாரமும் யார் கருவியைப் பிடிப்பது, யார் எழுதுவது என்பதை முறைவைத்து மாற்றுங்கள். புராஜெக்ட் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஒவ்வொருவரும் தாம் செய்ததை "நான்" என்று தொடங்கும் மூன்று வாக்கியங்களில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று விதி செய்யுங்கள். இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

குறிப்பு சரியாக எழுதப்பட்டாலும் அதைப் படிக்கிறவரின் கண் ஒன்று இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பத்தை, பாதிப்பேருக்கு ஆண் பெயரிலும் பாதிப்பேருக்குப் பெண் பெயரிலும், அறிவியல் துறைப் பேராசிரியர்கள் 127 பேரிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும், ஆண் பெயர் தாங்கிய விண்ணப்பத்தைக் கூடுதல் திறமை உடையது என்று மதிப்பிட்டார்கள். ஆண் பெயருக்குத் தர முன்வந்த ஆண்டு ஊதியம் சராசரியாக 30,000 டாலருக்குச் சற்று மேல். பெண் பெயருக்கு 26,500 டாலர் அளவில் நின்றுவிட்டது. பெண் பேராசிரியர்களும் ஆண் பேராசிரியர்களைப் போலவே அப்படி மதிப்பிட்டார்கள் என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. யாரோ சில கெட்டவர்களை அடையாளம் கண்டு விலக்கிவிட்டால் தீரும் சிக்கல் அன்று இது. உங்களுக்கும் எனக்கும்கூட அந்தக் கண் இருக்கக்கூடும்.

அதனால்தான் அறிவுரையையும் பரிந்துரையையும் நான் பிரித்துப் பார்க்கிறேன். உங்கள் மேடையில் சாதனையாளர்கள் வழங்குவது அறிவுரை. அதைக் கேட்ட மாணவி எழுச்சியோடு வெளியே வருகிறார், ஆனால் எந்த முகவரிக்கு எழுதுவது என்பது முன்பு போலவே தெரியாமல் இருக்கிறது. பரிந்துரை என்பது, துறையில் பெயருள்ள ஒருவர் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஒரு குறிப்பிட்ட பெண்ணின் பெயரைச் சொல்லி, "இந்தக் கோளாறைக் கண்டுபிடித்தவர் இவர், ஒருமுறை பேசிப் பாருங்கள்" என்று தம் வார்த்தையைப் பிணையாக வைப்பது. மாணவர்களுக்கு இது பெரும்பாலும் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. மூத்த மாணவர்களோடு இருக்கும் பழக்கத்தில், எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற செய்தி காற்றுவாக்கில் வந்து சேர்ந்துவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் மாணவிக்கு அதை நீங்கள்தான் கொண்டுவந்து தர வேண்டும். இன்னொன்றும் செய்யுங்கள். இதுவரை நீங்கள் எழுதிய பரிந்துரைக் கடிதங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். நான் என்னுடையவற்றை வாசித்தபோது, பெண்களைப் பற்றி "கடின உழைப்பாளி, பொறுப்பானவர், பணிவானவர்" என்றும் ஆண்களைப் பற்றி "கூர்மையானவர், தனித்துச் சிந்திப்பவர்" என்றும் எழுதியிருந்ததைக் கண்டு வருந்தினேன். இரண்டுமே பாராட்டுத்தான், ஆனால் வேலை கிடைப்பது இரண்டாவதற்கு.

கல்லூரியே மனம் வைத்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி நல்ல சான்று. 2006-இல் மரியா கிளாவே அதன் தலைவராகப் பொறுப்பேற்றபோது, கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களில் பெண்கள் 10 விழுக்காட்டளவில் இருந்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அது 40 விழுக்காட்டை எட்டியது. முன்பே நிரல் எழுதிப் பழகியவர்களையும் புதிதாகத் தொடங்குபவர்களையும் தனித்தனிப் பிரிவுகளாக்கினார்கள். தொடக்கப் பாடத்தைப் பைத்தான் மொழிக்கு மாற்றி, நடைமுறைச் சிக்கல்களைத் தீர்ப்பதைச் சுற்றி அமைத்தார்கள். முதலாண்டு மாணவிகளைக் கணினித் துறைப் பெண்கள் கூடும் கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். முதலாண்டு முடிந்த விடுமுறையிலேயே ஆராய்ச்சியில் ஈடுபடுத்தினார்கள். இந்தக் கடைசி இரண்டையும்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். இறுதியாண்டு வரை காத்திருக்காமல், விடை தெரியாத ஓர் உண்மையான வேலையில் தொடக்கத்திலேயே கைவைத்தவருக்குத் தன்விவரக் குறிப்பில் எழுதப் பொருள் கிடைத்துவிடுகிறது. மாநாட்டிலோ, சிகரத்தில் நிற்கும் ஒருவரை மட்டுமன்றி, நடுவழியில் நடந்துகொண்டிருக்கும் பல நூறு பேரை அவர்கள் பார்க்கிறார்கள். உங்கள் மேடைக்கும் மூன்றாண்டுகள் மூத்த உங்கள் மாணவிகளை அழையுங்கள். முதல் நேர்காணலில் என்ன கேட்டார்கள், முதல் மாதம் எதற்குத் திணறினார்கள் என்று அவர்களால் சொல்ல முடியும். வேலையை விட்டவர்களையும் அழையுங்கள். ஏன் விட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வேலையில் சேர்ந்தபின் முதல் ஓரிரு ஆண்டுகளில் ஆய்வக மேசையின் கதை திரும்பவும் நடக்கும். ஆவணம் எழுதுவதும் கூட்டக் குறிப்பு எடுப்பதும் ஒருவரிடம், வடிவமைப்பு இன்னொருவரிடம் என்று பிரியும். அப்போது "அடுத்த வடிவமைப்பில் ஒரு பகுதியை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்பது உரிமை என்பதைப் படிக்கும்போதே சொல்லிவையுங்கள்.

இடைவெளி விழுந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களை இழந்துவிட்டதாகவே நாம் கணக்கெழுதிவிடுகிறோம். 1962-இல் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண்மணி பிரிட்டனில் 6 பவுண்டு முதலீட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கி, குழந்தைகள் பிறந்ததால் வேலையை விட்டிருந்த பெண் நிரலாளர்களை வீட்டிலிருந்தே பணியாற்ற வைத்தார். முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்களும் அந்த நிறுவனத்துப் பெண்கள்தாம். தம் பெயரில் எழுதிய வணிகக் கடிதங்களுக்குப் பதில் வராததால் "ஸ்டீவ்" என்று ஒப்பமிட்டபின்தான் அவருக்குக் கதவு திறந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் இயற்பியல் பேராசிரியரான முதல் பெண் டாஃப்னி ஜாக்சன், இடைவெளிக்குப் பின் ஆராய்ச்சிக்குத் திரும்ப விரும்புவோருக்கென 1985-இல் ஓர் உதவித்திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள், பாதி நேரப் பணி, கூடவே மறுபயிற்சி என்பது அதன் வழக்கமான வடிவம். திரும்பி வருபவருக்கு வேண்டியது இரக்கம் அன்று. அண்மையில் செய்து முடித்த ஒரு வேலையும், அதற்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இருந்தால் போதும்.

துறையில் நீடிக்க விரும்பாத பெண்ணை நாம் வற்புறுத்தக் கூடாது என்று ஒரு வாதம் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் உங்கள் மாணவி விரும்பாதவர் அல்லர்.

ஆகவே அவரிலிருந்தே தொடங்குங்கள். படித்த காலத்தில் தாம் செய்தவற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களிடம் படித்து இப்போது துறையில் இருக்கும் மூவருக்கு அந்தப் பக்கத்தோடு நீங்களே கடிதம் எழுதுங்கள்; அவரை எழுதச் சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள், வரிக்கு வரி படித்துத் திருத்தம் எழுதி அனுப்புகிறேன். என் பழைய சக பணியாளர்களில் பொருத்தமானவர் எவரேனும் இருந்தால் அவர்களிடமும் அவர் பெயரைச் சொல்கிறேன். அதற்கு முன், புராஜெக்ட்டில் எந்தப் பகுதியைச் செய்தார் என்று அவரிடம் கேளுங்கள். "நாங்கள்" என்று தொடங்கினால், பொறுமையாக இன்னொரு முறை கேளுங்கள்.

அன்புடன்.