நீச்சல் குளத்துப் பக்கம் வந்த நீர் உடும்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன விடுமுறைக்குக் குடும்பத்தோடு இலங்கை போயிருந்தோம். பெந்தோட்டையில் ஆற்றை ஒட்டிய ஹோட்டல். காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு புல்தரையில் ஏறி வந்தது. பக்கத்து மேசைக்காரர் கோழித் துண்டைத் தூக்கிப் போட, அது எங்கள் மேசை வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து வயது மகள் இன்னும் தோட்டத்துப் பக்கம் தனியாகப் போக மாட்டேன் என்கிறாள். அடுத்து மலேசியாவின் லங்காவி தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அங்கேயும் இதெல்லாம் இருக்குமாமே, போகலாமா, வேண்டாமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாகப் போங்கள். லங்காவியிலும் இருக்கும், அதே இனம்தான். நீங்கள் பார்த்தது நீர் உடும்பு, சிங்களத்தில் கபரகோயா என்பார்கள். நம் ஊர் வயல் வரப்பில் ஓடுகிற உடும்பு வேறு. நீர் உடும்பின் உடம்பு கருமையாக, மஞ்சள் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும், மூக்குத் துளை மூஞ்சியின் நுனியை ஒட்டி இருக்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளம் என்பது சாதாரணம். கண்டியில் 3.21 மீட்டர் நீளத்துக்கு ஒன்று அளக்கப்பட்டதாகவே பதிவு இருக்கிறது. அதனால் உங்கள் மகள் பயந்ததில் தப்பே இல்லை, அவள் உயரத்திலிருந்து பார்த்தால் அது டைனோசர்தான்.

ஆனால் அது உங்கள் மகளைத் தேடி வரவில்லை. மீன், நண்டு, எலி, முட்டை, செத்துக் கிடக்கும் பிராணி, இவைதான் அதன் சாப்பாடு. மனிதரைக் கண்டால் விலகித் தண்ணீரில் இறங்கிவிடுவதே அதன் இயல்பு. மேசை வரை வந்தது பழக்கத்தினால், அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர் கோழித் துண்டு போட்டவரும் அவருக்கு முன்னால் போட்டவர்களும். இதில் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அதன் பிளவுபட்ட நாக்கு உள்ளே வெளியே என்று போய் வருவதைப் பார்த்திருப்பீர்கள், காற்றிலும் தரையிலும் இருக்கிற வாசனைத் துகள்களை ஒற்றியெடுத்து மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பில் சேர்த்து மோப்பம் பிடிக்கிறது. கோழி தின்ற குழந்தையின் விரலும் கோழி வாசனைதானே அடிக்கும்? கடி விழுவது அப்படித்தான். கடித்த பிறகு "ஆபத்தான மிருகம்" என்று பிடித்துக்கொண்டு போவது மட்டும் உடும்பை.

ஆகவே, மேசையில் எதையும் தூக்கிப் போடாதீர்கள், போடுகிறவரையும் கூச்சப்படாமல் தடுங்கள், ஹோட்டல்காரர்களிடமும் சொல்லுங்கள். கிட்டே வந்துவிட்டால் கத்தி ஓடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகருங்கள், அது தண்ணீருக்குப் போகிற வழியை மறித்து மட்டும் நிற்காதீர்கள். செல்ஃபிக்காக நாலு பேர் சுற்றி வளைத்தால்தான் வினை. கழுத்தை உப்பவைத்து, புஸ்ஸென்று சீறி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால் அடுத்து வாலால் விளாசப் போகிறது என்று அர்த்தம். அந்த அடி நன்றாகவே வலிக்கும். மகளைக் கட்டாயப்படுத்தி அருகில் கூட்டிப் போக வேண்டாம். மாடியிலிருந்தோ பால்கனியிலிருந்தோ காட்டி, நாக்கு எத்தனை தடவை வெளியே வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ண ஆரம்பித்த பிள்ளைக்குப் பயம் பாதி போய்விடும். உண்மையில் லங்காவியில் நீங்கள் பையை இறுக்கிப் பிடிக்க வேண்டியது குரங்குகளிடம்.

கேள்வி: அந்தமான் போகிறோம். தண்ணீரில் நீந்துவது உடும்பா, முதலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: சந்தேகம் வந்தால் முதலை என்றே வைத்துக்கொண்டு கரையேறிவிடுங்கள். அந்தமானில் நீர் உடும்பும் உண்டு, உப்புநீர் முதலையும் உண்டு, 2010இல் ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரைக்கு அருகே ஒரு வெளிநாட்டுப் பயணி முதலைக்கு இரையாகியிருக்கிறார். அதனால் வனத்துறை எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் காலைக்கூட நனைக்காதீர்கள்.

கரையில் என்றால் சுலபம். உடும்புக்கு நீளமான கழுத்து, ஒல்லியான தலை, ஓயாமல் வெளியே வரும் நாக்கு. முதலைக்கு நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருப்பதால் வெளியே நீட்டவே முடியாது. வாலின் மேல் ரம்பப் பற்கள் மாதிரி முள் வரிசை நிமிர்ந்து நின்றால் அது முதலை.

கேள்வி: ஒருவேளை கடித்துவிட்டால்? விஷ முறிவு ஊசி போட வேண்டுமா? வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: இரண்டும் வேண்டாம். வெறிநோய் பாலூட்டிகளிடமிருந்துதான் வரும், ஊர்வனவற்றிடமிருந்து வராது. பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கும் இங்கே வேலை இல்லை. கவலை கிருமிகளைப் பற்றித்தான். அழுகின மாமிசம் தின்கிற வாய், பல்லும் கூர்மை. கடிபட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள், சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசியும் தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் அவர் முடிவு செய்வார். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பாதீர்கள், தயவுசெய்து.

கடித்த வாயை விடாமல் இருந்தால் இழுக்காதீர்கள், சதை கிழிந்துவிடும். அசையாமல் தரையில் அதற்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தால் பெரும்பாலும் தானே விட்டுவிட்டு ஓடும்.

கேள்வி: பாலியில் தங்கிய அறையில் ராத்திரி முழுக்க "டொக்கே, டொக்கே" என்று சத்தம். காலையில் பார்த்தால் ஒரு முழம் இருக்கிற பல்லி! சாம்பல் நீல உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள். இது விஷப் பல்லியா? மேலே விழுந்தால் என்ன பலன்? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பலன் விஷயத்தைப் பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் விட்டுவிடுகிறேன். அது டோக்கே பல்லி, தென்கிழக்கு ஆசியா முழுக்க உண்டு. சத்தம் போட்டது பெரும்பாலும் ஆண், துணையைக் கூப்பிடவும் தன் எல்லையைச் சொல்லவும். விஷம் இல்லை. ஆனால் கையால் பிடிக்கப் போனால் கவ்விக்கொண்டு லேசில் விடாது. துடைப்பத்தால் அடிக்கவும் வேண்டாம், உங்கள் அறையின் கரப்பானையும் பூச்சிகளையும் தின்று தீர்ப்பது அதுதான்.

விஷம் பற்றிக் கேட்டதால் இன்னொன்று. பல்லி விழுந்த சாப்பாடு விஷம் என்று நம் வீடுகளில் அண்டாவோடு கொட்டிவிடுகிறோம். பல்லியின் உடம்பில் விஷம் கிடையாது. அதன் எச்சத்திலும் தோலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், வாந்தியும் பேதியும் அதனால் வரலாம், அதனால் கொட்டுவது சரிதான், காரணம்தான் வேறு. அதே மாதிரி அரணை கடித்தால் மரணம் என்பதும். பாவம், அரணைக்கு விஷமே இல்லை. குழந்தைகள் ரிசார்ட் சுவரில் பல்லியையோ ஓணானையோ தொட்டுவிட்டால் திட்டாமல் சோப்புப் போட்டுக் கை கழுவவையுங்கள், போதும்.

கேள்வி: வெளிநாட்டுச் சந்தையில் உடும்புத் தோல் பர்ஸ், உடும்பு எண்ணெய் எல்லாம் கிடைக்கிறது. வாங்கி வரலாமா? (ஒரு வாசகர், நெல்லை)

பதில்: வேண்டாம். நம் ஊர் உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் பட்டியலில் இருக்கிறது. நீர் உடும்பின் தோலை எல்லை தாண்டிக் கொண்டுவரவும் சர்வதேச அனுமதிப் பத்திரம் வேண்டும், சந்தைக் கடைக்காரர் அதைத் தரமாட்டார். சுங்கத்தில் மாட்டினால் பர்ஸும் போகும், விமானமும் போகும். அந்த எண்ணெயால் மூட்டுவலி போகும் என்பதும் வெறும் பேச்சு.

கேள்வி: என் பத்து வயது மகனுக்கு உடும்பு என்றால் உயிர். பத்திரமாகக் காட்ட எங்கே கூட்டிப் போகலாம்? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. சிங்கப்பூர் போனால் சுங்கே பூலோ சதுப்புநிலக் காப்பகம். அனுமதி இலவசம். நீர் உடும்பு நடைபாதை ஓரத்திலேயே படுத்திருக்கும். வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வெளியே வரும், அப்போது போங்கள். தண்ணீர் வற்றியிருக்கிற நேரமானால் சேற்றில் துள்ளுகிற மீன்களையும் பார்க்கலாம். அங்கே காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், அதை மட்டும் பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பாங்காக் பக்கம் போனால் லும்பினி பூங்காவின் ஏரிக்கரை. நடுநகரத்தில், நடைப்பயிற்சி செய்கிறவர்களுக்கு நடுவே அவை பாட்டுக்குத் திரியும். ஒரு சின்ன பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள், கிட்டே போக வேண்டிய அவசியமே இருக்காது.