எய்டன் மொஃபாட் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிளாஸ்கோவில் முதுகலை படிக்கிறேன். உடன் தங்கியிருக்கும் நண்பன் ‘அராப் ஸ்ட்ராப்’ இசைக்குழுவை அறிமுகப்படுத்தினான். கேட்டதுமே பிடித்துவிட்டது. அதன் பாடகர் எய்டன் மொஃபாட்டைத் தேடிப்போனால்தான் தலை சுற்றுகிறது. லக்கி பியர், எல். பியர், பெஸ்ட்-ஆஃப்ஸ் என்று பல பெயர்கள், பில் வெல்ஸுடன் ஒரு கூட்டு, கிதார் கலைஞர் ஆர்.எம். ஹபர்ட்டுடன் ஒன்று, நடுவில் நாட்டுப்பாடல் பயணம் வேறு. நல்ல குழுவைக் கலைத்துவிட்டு ஒருவர் ஏன் இப்படி அகலக்கால் வைக்க வேண்டும்? ஒன்றிலேயே ஊன்றி நின்றிருந்தால் எவ்வளவோ உயரத்துக்குப் போயிருப்பார் என்று ஆதங்கமாக இருக்கிறது. மற்றவற்றை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொஃபாட்டின் மூலதனம் அவருடைய பேச்சு. 1995இல் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் அவரும் மால்கம் மிடில்டனும் தொடங்கிய குழு அராப் ஸ்ட்ராப். மறுவருடம் வந்த ‘தி ஃபர்ஸ்ட் பிக் வீக்கெண்ட்’ பாடலில் பெரும்பகுதி பேச்சுதான். ஒரு வார இறுதியில் நண்பர்கள் எங்கே போனார்கள், என்ன குடித்தார்கள் என்று ஊர்ப்பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போவார். யூரோ 96 கால்பந்துப் போட்டியில் ஸ்காட்லாந்து இங்கிலாந்திடம் தோற்ற ஆட்டமும் அதில் வந்துவிடும். இதே வழியில் ஆறு ஆல்பங்கள் போட்டார்கள்: குடி, படுக்கை, மறுநாள் காலையின் குற்றவுணர்வு. 2006இல் நிறுத்திக்கொண்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இருபது வயதுக்காரனின் வாக்குமூலத்தை நாற்பதிலும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எல். பியர் என்ற பெயரில் அவர் தனியாகச் செய்தது முழுக்க சொற்களில்லாத இசை. அதன் கடைசி ஆல்பமான ‘1948’ (2017) விசித்திரமானது. 1948இல் வெளிவந்த முதல் பன்னிரண்டு அங்குல எல்.பி. இசைத்தட்டில் நேதன் மில்ஸ்டீன் வாசித்த மெண்டல்சன் வயலின் கான்செர்ட்டோ இருந்தது. யூடியூபில் கிடைத்த அந்தப் பதிவிலிருந்து துணுக்குகளை வெட்டியெடுத்துச் செய்த ஆல்பம் இது. இசைத்தட்டாக மட்டும், உறையே இல்லாமல் விற்றார்கள். வாங்கியவர் கையில் அது கீறல் விழுந்து தேய்வதும் அந்த இசையோடு சேர்ந்ததுதான்.

பியானோக் கலைஞர் பில் வெல்ஸுடன் செய்த ‘எவ்ரிதிங்ஸ் கெட்டிங் ஓல்டர்’ (2011) அவர் செய்ததிலேயே உச்சம் என்பேன். அதில் ‘தி காப்பர் டாப்’ என்று ஒரு பாடல். சாவுக்குப் போய்விட்டு வந்தவன் கோட்டு சூட்டோடு தனியாக மதுக்கடையில் உட்கார்ந்து, அந்த உடுப்பை எதற்கெல்லாம் போட நேர்கிறது என்று யோசிக்கிறான். பியானோ அவன் பேச்சுக்கு இடம்விட்டு ஒதுங்கியே நிற்கும். அராப் ஸ்ட்ராப்பின் கிதாரும் டிரம் மெஷினும் இருந்திருந்தால் அந்த நிதானம் வந்திருக்காது. 2012இல் தொடங்கப்பட்ட ‘ஆண்டின் சிறந்த ஸ்காட்டிஷ் ஆல்பம்’ விருது, இருபதாயிரம் பவுண்டு பரிசோடு, முதன்முதலாக இதற்குத்தான் போனது.

நாட்டுப்பாடல் பயணத்தை நீங்கள் ‘வேறு’ என்று ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். பழைய கதைப்பாடல்களை இன்றைய நகர வாழ்க்கைக்கு மாற்றியெழுதி ஸ்காட்லாந்து முழுக்கப் பாடிக்கொண்டு போனார். நாடோடிச் சமூகத்துப் பாட்டுக்குடும்பத்தில் பிறந்த ஷீலா ஸ்டூவர்ட்டுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டில் கைவைக்க நீ யார் என்பது அந்த அம்மாளின் கேள்வி. பால் ஃபேகன் இயக்கிய ‘வேர் யூ’ர் மெண்ட் டு பீ’ ஆவணப்படத்தில் இந்தச் சண்டையை அப்படியே பார்க்கலாம். கிளாஸ்கோ பாரோலேண்ட் அரங்கில் ஷீலா தானே மேடையேறிப் பாடுவார். அந்த அம்மாள் 2014இல் காலமானார், படம் 2016இல்தான் வெளிவந்தது. யார் பக்கம் நியாயம்? பாட்டு மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது என்ற மொஃபாட்டின் வாதத்தை அறிவு ஏற்கிறது. ஷீலா வாயைத் திறந்ததும் என் கட்சி மாறிவிடுகிறது.

இதையெல்லாம் தாண்டித்தான் 2016இல் அராப் ஸ்ட்ராப் மறுபடி மேடையேறியது. 2020இல் வந்த ‘தி டர்னிங் ஆஃப் அவர் போன்ஸ்’ பாடலுக்குத் தூண்டுதல் மடகாஸ்கரின் ஒரு சடங்கு: இறந்தவர்களைக் கல்லறையிலிருந்து எடுத்து, புதுத்துணி சுற்றி, தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். செத்துப்போன குழுவை எழுப்ப இதைவிடப் பொருத்தமான பாடல் உண்டா? அடுத்த வருடம் வந்த ‘ஆஸ் டேஸ் கெட் டார்க்’ ஆல்பத்தில் அவர் மற்றவர்களின் கதைகளையும் சொல்கிறார். வெல்ஸுடனும் ஹபர்ட்டுடனும் கழித்த வருடங்களின் பலன் அது.

‘தி காப்பர் டாப்’பிலிருந்து தொடங்குங்கள். பிறகு அந்த ஆவணப்படம். கிளாஸ்கோவில்தானே இருக்கிறீர்கள், படம் பார்த்தபின் பாரோலேண்டில் ஏதாவது ஒரு கச்சேரிக்கும் போய்வந்து எழுதுங்கள்.