ஏறத்தாழச் சீரான பிரபஞ்சம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தொடக்கத்தில் பிரபஞ்சம் எங்கும் ஒரே சீராக இருந்தது என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் விண்மீன் மண்டலங்கள் எப்படி உருவாயின? குவாண்டம் ஈர்ப்புதான் காரணம் என்று ஒரு காணொளியில் கேட்டேன். நிரூபணமாகிவிட்டதா?

கே.

அன்புள்ள கே.,

'ஏறத்தாழ' என்ற சொல்லை நான் விட்டிருக்கக் கூடாது. எல்லாமே அதில்தான் இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு 3.8 லட்சம் வயதானபோது கிளம்பிய ஒளி, இன்று 2.725 கெல்வின் குளிரில் நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அதன் வெப்பநிலையில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்றத்தாழ்வு உண்டு என்று கோபி செயற்கைக்கோள் 1992இல் காட்டியது. அன்று பொருள் சில இடங்களில் அடர்ந்தும் சில இடங்களில் தளர்ந்தும் இருந்ததன் அடையாளம் அது. சற்றே அடர்ந்த இடங்கள் சுற்றியிருந்ததை இழுத்து இழுத்து விண்மீன் மண்டலங்கள் ஆயின.

சரி, அந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது? குவாண்டம் உலகில் வெற்றிடம்கூடச் சும்மா இருப்பதில்லை, நடுங்கிக்கொண்டே இருக்கும். நொடியின் மிகச் சிறு துணுக்கில் வெளி அசுர வேகத்தில் விரிந்தபோது அந்த நடுக்கங்களும் இழுபட்டுப் பெரிதாகின. நடுக்கம் பெரிய அளவுகளில் சற்றே கூடுதலாக இருக்கும் என்று முகானோவ், சிபிசோவ் என்ற இயற்பியலாளர்கள் 1981இல் சோவியத் ரஷ்யாவில் கணக்கிட்டார்கள். 32 ஆண்டுகள் கழித்து பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடும் அதையே சொன்னது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் இது முழுமையான குவாண்டம் ஈர்ப்பு, அதாவது ஈர்ப்பையும் காலவெளியையும்கூடக் குவாண்டம் விதிப்படி விளக்கும் கோட்பாடு, அல்ல. ஐன்ஸ்டீனின் காலவெளியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் எழும் சிற்றலைகளுக்கு மட்டும் குவாண்டம் விதியைப் பயன்படுத்துகிறோம். இன்னும் பின்னால் போனால் அடர்த்தி முடிவிலியாகி ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளே கைவிட்டுவிடும். அபய் அஷ்டேகர் போன்ற இயற்பியலாளர்கள் வளர்த்த லூப் குவாண்டம் ஈர்ப்பில் காலவெளியே நுண்ணிழைகளால் நெய்த துணி போன்றது. அடர்த்தி ஓர் உச்சத்தைத் தொட்டதும் ஈர்ப்பு விலக்கத் தொடங்கும். சுருங்கிய பிரபஞ்சம் திரும்ப எழும்பும்.

அந்த எழும்பலின் தடம் வானத்தில் மிகப் பெரிய கோணங்களில்தான் தெரியக்கூடும். அங்கே ஒரு புதிரும் இருக்கிறது. 60 பாகைக்கு மேல் விலகிய இடங்களின் வெப்பநிலைகளுக்கிடையே இருக்க வேண்டிய தொடர்பு பிளாங்க் தரவில் கிட்டத்தட்ட இல்லை. எழும்பலையும் கணக்கில் சேர்த்தால் இந்த முரண் தணிகிறது என்று அஷ்டேகரும் குப்த், ஜியோங், ஸ்ரீநாத் ஆகியோரும் 2020இல் காட்டினார்கள்.

நிரூபணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய கோணத்தில் ஒப்பிட வானத்தில் சில துண்டுகளே கிடைக்கும்; இன்னொரு வானம் நமக்கு இல்லை. தற்செயலாகவும் அப்படி அமைந்திருக்கலாம். ஆனால் வெப்பநிலை தற்செயலாக அமைந்தால், அதே ஒளியின் முனைவாக்கமும் (ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது) அந்தக் கோட்பாடு சொல்கிறபடியே அமைந்துவிடுமா? ஜப்பான் திட்டமிட்டிருக்கும் லைட்பேர்ட் செயற்கைக்கோள் முனைவாக்கத்தைத்தான் அளக்கப்போகிறது. நான் அதற்காகக் காத்திருக்கிறேன்.