லண்டன் தோட்டத்துப் பச்சைக்கிளி

வணக்கம். லண்டனில் உங்கள் தோட்டத்துக்கு மூன்று நாட்களாக வரும் கிளி குளிரில் செத்துவிடும், எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிடிக்காதீர்கள்! சிவந்த அலகு, நீண்ட வால், ஆணுக்குக் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக வளையம் என்றால் அது நம் ஊர்ச் செந்தார்ப் பைங்கிளியேதான். கூண்டிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள் 1970 வாக்கிலிருந்தே இங்கே மரப்பொந்துகளில் குஞ்சு பொரிக்கின்றன. இமயமலை அடிவாரக் குளிரிலும் வாழும் இனம் அது.

அதன் கால்களை மட்டும் உற்றுப் பாருங்கள். வளையம் தெரிந்தாலோ, அஞ்சாமல் கையருகே வந்தாலோ வளர்ப்புக் கிளியாக இருக்கலாம், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். இல்லையென்றால் உப்பில்லாத வேர்க்கடலை வையுங்கள். ஒரு காலில் நின்று, மறுகாலில் கடலையைப் பிடித்துக் கொறிக்கும் அழகைப் பக்கத்திலிருந்தே பார்ப்பீர்கள்.